செவ்வாயின் மண்ணுக்கடியில் ஐஸ் தேடுவது எப்படி: மலையகத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாயைச் சுற்றும் எந்தக் கருவியும் மண்ணுக்கடியில் இருக்கும் ஐஸை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒன்று ஐதரசன் எவ்வளவு இருக்கிறது என்று ஊகிக்கிறது. இன்னொன்று நிலம் எவ்வளவு வேகமாகச் சூடேறி ஆறுகிறது என்று அளக்கிறது. ராடாரோ எதிரொலி எத்தனை மைக்ரோசெக்கன் பிந்தி வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இவற்றை எல்லாம் வைத்து "ஐஸ்" என்று முடிவு கட்டுவது நாம்தான். அதனால் இந்த வேலையில் பாதி தேடுவது. மீதிப் பாதி, கிடைத்தது ஐஸ் இல்லை என்று நிரூபிக்க முயன்று பார்ப்பது. இரண்டாவது பாதியைச் செய்யாதவர் ஐஸ் கண்டுபிடித்ததாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை பக்கம் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொலைகாட்டி தேவையில்லை. வருடத்தில் பாதி நாள் மூட்டம் போட்டுக் கிடக்கும் நுவரெலியா வானத்தைக் குறை சொல்லவும் தேவையில்லை. நாசாவின் விண்கலங்களும் ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் விண்கலமும் சேர்த்த தரவுகள் எல்லாம் பொதுக் காப்பகங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. ஓரளவு ஓடக்கூடிய லேப்டொப், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஜேமார்ஸ் என்ற வரைபட மென்பொருள் ஆகியவை போதும். ராடார் கோப்புகள் பெரியவை, ஒவ்வொன்றும் பல பத்து மெகாபைட் வரும். ஆகவே இரவு டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் டவுன்லோடை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிறிய காட்சிப் படங்களைப் பார்த்துத் தேறியதை மட்டும் முழுக் கோப்பாக எடுப்பது இன்னும் நல்லது.

படி 1: எங்கே தேடுவது

செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் சராசரியாக 6 மில்லிபார் அளவுதான். பூமியில் கடல் மட்டத்தில் 1013. அந்த மெல்லிய, வறண்ட காற்றில் வெளியே கிடக்கும் ஐஸ் உருகாது, நேரே ஆவியாகிப் போகும். பாடப்புத்தகத்தில் பதங்கமாதல் என்று படித்தது அதுதான். மேலே காய்ந்த மண் ஒரு போர்வையாக மூடியிருந்தால் ஆவி வெளியேறுவது மெதுவாகும். குளிர் அதிகமான இடத்தில் கிட்டத்தட்ட நின்றே போகும். ஆகவே துருவத்தை நோக்கிப் போகப் போக ஐஸ் மேற்பரப்புக்கு அருகே இருக்கும், நடுக்கோட்டை நோக்கி வரவர ஆழத்துக்குப் போய்விடும் அல்லது இருக்காது.

இலங்கை இருப்பது 6 முதல் 10 பாகை வடக்கு அகலக்கோட்டில். செவ்வாயில் அதே அகலக்கோட்டை ஜேமார்ஸில் திறந்து ஆழமில்லாத ஐஸ் தேடினால் நேரம்தான் வீண். 35 முதல் 60 பாகை வரையான பட்டையில் தொடங்குங்கள். வட அரைக்கோளத்தில் ஆர்க்கேடியா சமவெளி, உட்டோப்பியா சமவெளி, டியூட்டரோனிலஸ் மேடுகள். தெற்கில் ஹெல்லாஸ் பள்ளத்தின் கிழக்கு ஓரம்.

துருவத்தை விட்டு இவ்வளவு தூரத்தில் ஐஸ் எப்படி வந்தது? செவ்வாயின் அச்சுச் சாய்வு இப்போது சுமார் 25 பாகை. பூமிக்குப் பெரிய நிலா இருப்பதால் நமது அச்சு பெரிதாக ஆடுவதில்லை. செவ்வாய்க்கு அந்தப் பிடி இல்லை. கடந்த பல மில்லியன் வருடங்களில் அதன் சாய்வு நிறையக் கூடிக் குறைந்திருக்கிறது. சாய்வு கூடிய காலங்களில் துருவ ஐஸ் ஆவியாகி நடு அகலக்கோடுகளில் பனியாக விழுந்தது. அதில் மிஞ்சியதைத்தான் இப்போது தேடுகிறோம்.

படி 2: நியூத்திரன் வரைபடம்

2001 ஏப்ரலில் ஏவப்பட்ட மார்ஸ் ஒடிசி விண்கலத்தில் காமா கதிர் அளவியும் இரண்டு நியூத்திரன் உணரிகளும் போயின. அவற்றில் ஒன்று ரஷ்யாவில் செய்யப்பட்டது. 2002-இல் வந்த முடிவுகள்தான் இரண்டு துருவங்களைச் சுற்றியும் முதல் ஒரு மீற்றர் மண்ணில் ஏராளமாக ஐதரசன் இருப்பதைக் காட்டின.

வேலை செய்யும் விதம் உங்கள் மோதுகைப் பாடத்தில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் மண்ணில் உள்ள அணுக்களை அடித்து வேகமான நியூத்திரன்களைத் தெறிக்கவிடும். அந்த நியூத்திரன் இரும்பு, சிலிக்கன் போன்ற பாரமான அணுவோடு மோதினால் வேகம் அவ்வளவாகக் குறையாது. கிட்டத்தட்டச் சமதிணிவுள்ள ஐதரசனோடு மோதினால் ஒரே மோதலில் தன் சக்தி முழுவதையும்கூட இழக்கலாம். ஆகவே ஐதரசன் உள்ள இடத்துக்கு மேலே பறக்கும்போது இடைத்தர சக்தியுள்ள நியூத்திரன்களின் எண்ணிக்கை விழும்.

இதில் இரண்டு குறைகள். ஒன்று, ஐதரசன் என்றால் ஐஸ் என்று அர்த்தமில்லை. களிமண்ணிலும் நீரேற்றப்பட்ட உப்பிலும் ஐதரசன் கட்டுண்டு கிடக்கும். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட பகுதிகள் வரைபடத்தில் தெரியும். இரண்டாவது, பிரிதிறன். ஒரு நியூத்திரன் புள்ளி 500 கிலோமீற்றருக்கும் மேல் அகலமானது. நுவரெலியாவையும் கொழும்பையும் பிரித்துப் பார்ப்பது இருக்கட்டும், முழு இலங்கையும் ஒரே புள்ளிக்குள் போய்விடும். அதனால் இதை "இந்தப் பக்கம் போய்ப் பார்" என்று காட்டும் கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மேலே படியும் காபனீரொட்சைட்டுப் படிவு அளவைக் கெடுக்கும் என்பதால், அது விலகிய கோடைகாலத் தரவில் செய்த வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: வெப்பத்தைப் பாருங்கள்

பின்னேரம் வெயில் இறங்கியதும் லயத்துத் தகரக் கூரையைத் தொட்டால் உடனே குளிர்ந்திருக்கும். பக்கத்தில் உள்ள கருங்கல் இரவு எட்டு மணிக்கும் இளஞ்சூடாக இருக்கும். வெப்பச் சடத்துவம் என்பது இவ்வளவுதான். செவ்வாயின் உலர்ந்த தூசுக்கு வெப்பச் சடத்துவம் மிகக் குறைவு. ஐஸுக்கும் பாறைக்கும் மிக அதிகம்.

மண்ணுக்கடியில் ஐஸ் இருந்தால் அது பகல்-இரவு மாற்றத்தில் அவ்வளவாகத் தெரியாது. நாளாந்த வெப்ப அலை சில சென்ரிமீற்றர்தான் கீழே இறங்கும். பருவகால வெப்ப அலையோ ஒரு மீற்றர் அளவுக்குப் போகும். கோடையில் ஐஸ் அந்த வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் மெல்ல வெளியே விடும். எனவே அந்தக் காலத்தில் அந்த நிலம் சுற்றியுள்ளதைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும். ஒடிசியில் உள்ள தெமிஸ் கருவி 100 மீற்றர் பிரிதிறனில் வெப்பப் படம் எடுக்கிறது. இதோடு நாசாவின் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஓர்பிட்டர் விண்கலத்தின் (இனிமேல் ஓர்பிட்டர்) காலநிலைக் கருவித் தரவையும் சேர்த்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, வடக்கே 35 பாகை அகலக்கோடு வரைக்கும்கூட, சில இடங்களில் மண்வெட்டியால் தோண்டி எடுக்கும் ஆழத்திலேயே ஐஸ் இருக்கும் என்று காட்டியது.

பொறி எங்கே என்றால், தூசுக்கடியில் பாறை இருந்தாலும் இதே வெப்ப மாற்றம் வரும். அகலக்கோட்டோடு ஆழம் ஒழுங்காக மாறுகிறதா, துருவத்தைப் பார்த்த சரிவில் ஐஸ் மேலேயும் சூரியனைப் பார்த்த சரிவில் கீழேயும் வருகிறதா என்று பாருங்கள். பாறைக்குச் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது ஒரு பொருட்டில்லை. ஐஸுக்கு அதுதான் எல்லாம்.

படி 4: நிலத்தின் வடிவத்தைப் படியுங்கள்

இந்தப் படிக்கு நம் பிள்ளைகள் ஏற்கெனவே பாதித் தயார். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்த்து வளர்ந்தவர்கள், ஊர்ந்து வந்த சரிவு எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஓர்பிட்டரில் இரண்டு கமராக்கள் உங்களுக்குத் தேவை. பரந்த பார்வைக்கு, ஒரு புள்ளிக்கு சுமார் 6 மீற்றர் தரும் சூழல் கமரா. நெருங்கிப் பார்க்க, 25 முதல் 30 சென்ரிமீற்றர் தரும் ஹைரைஸ். தேட வேண்டியவை: மலை அடிவாரத்திலிருந்து நாக்கு மாதிரி வெளியே வழிந்து நிற்கும் மேடுகள், அவற்றின் மேல் ஓடும் நீளவாட்டு வரிகள், கிண்ணம் கிண்ணமாகத் தாழ்ந்த நிலம், பலகோணமாக வெடித்த தரை, உள்ளே படிக்கட்டு மாதிரி தட்டு விழுந்த பள்ளங்கள். கடைசியாகச் சொன்னதைக் கவனமாகக் குறித்து வையுங்கள். மேலே மென்மையான படை, கீழே கெட்டியான படை என்று இருக்கும் இடத்தில் விண்கல் விழுந்தால்தான் அப்படித் தட்டு விழும். அந்தத் தட்டின் ஆழத்தை அளந்தால் படையின் தடிப்பு கைக்கு வந்துவிடும். ராடார் கணக்கில் இது பொன்னான தகவல்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி புதிய பள்ளங்கள். சூழல் கமரா முன்பு இல்லாத கரும்புள்ளி ஒன்றைப் பிடிக்கும். ஹைரைஸ் அங்கே திரும்பிப் பார்க்கும். 2008-இல் இப்படிப் பார்த்தபோது 43 முதல் 56 பாகை வடக்கில் சில மீற்றர் அகலமான பள்ளங்களுக்குள் வெள்ளை தெரிந்தது. அடுத்தடுத்த மாதங்களில் எடுத்த படங்களில் அந்த வெள்ளை மங்கியது. நிறமாலைக் கருவி அது நீர் ஐஸ்தான் என்றது. 2009-இல் இது வெளியானது. 2021 டிசம்பர் 24-இல் அமேசோனிஸ் சமவெளியில், கிட்டத்தட்ட 35 பாகையில், சுமார் 150 மீற்றர் அகலப் பள்ளம் ஒன்று விழுந்தது. அந்த அதிர்வை இன்சைட் தரையிறங்கியின் நிலநடுக்கமானி பதிந்தது. படத்தில் ஐஸ் கட்டிகள் சிதறிக் கிடந்தன. அதுவரை புதுப் பள்ளத்தில் ஐஸ் கண்ட இடங்களில் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

அதேபோல் 2018-இல் எட்டு இடங்களில் செங்குத்தான சரிவுகளின் வெட்டுமுகத்தில் ஐஸ் படை வெளியே தெரிவதாக அறிவித்தார்கள். மேற்பரப்புக்கு ஓரிரு மீற்றர் கீழே தொடங்கி நூறு மீற்றருக்கும் மேல் இறங்குகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

படி 5: ராடார் படத்தை எடுங்கள்

சரி, இப்போதுதான் உண்மையான ஆழத்துக்குப் போகிறோம்.

இரண்டு ராடார்கள் உண்டு. 2003-இல் கிளம்பிய ஐரோப்பிய விண்கலமான மார்ஸ் எக்ஸ்பிரஸில் உள்ள மார்சிஸ், 40 மீற்றர் நீள அன்டனாவோடு 1.3 முதல் 5.5 மெகாஹேட்ஸ் வரை வேலை செய்யும். கிலோமீற்றர் கணக்கில் உள்ளே போகும், ஆனால் நுணுக்கம் குறைவு. 2006-இல் செவ்வாயை அடைந்த ஓர்பிட்டரில் இத்தாலிய விண்வெளி முகவரகம் கொடுத்த ஷராட், 10 மீற்றர் அன்டனா, 15 முதல் 25 மெகாஹேட்ஸ். மீடிறன் கூடினால் நுணுக்கம் கூடும், ஊடுருவும் ஆழம் குறையும். ஷராட்டின் செங்குத்துப் பிரிதிறன் வெற்றிடத்தில் 15 மீற்றர், ஐஸுக்குள் அதைவிடச் சிறியது. நடு அகலக்கோட்டு ஐஸுக்கு நாம் பயன்படுத்துவது ஷராட்டை.

விண்கலம் சுமார் 300 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தபடி அலையைக் கீழே அனுப்பும். மேற்பரப்பில் ஒரு பகுதி தெறித்து வரும். மீதி உள்ளே போய், இன்னொரு பொருள் தொடங்கும் எல்லையில் மறுபடி தெறிக்கும். ஒவ்வொரு இடத்திலும் வந்த எதிரொலியை மேலிருந்து கீழாக நேர வரிசையில் ஒரு நிரலாக அடுக்கி, அடுத்தடுத்த நிரல்களைப் பக்கத்தில் வைத்தால் வருவதுதான் ராடார்ப் படம். பார்வைக்கு நிலத்தை வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். அப்படி நம்பிவிடாதீர்கள். நிலைக்குத்து அச்சில் இருப்பது நேரம், மீற்றர் அல்ல.

ஜேமார்ஸில் உங்கள் இடத்துக்கு மேலே போன ஷராட் பாதைகளைக் காட்டச் சொல்லுங்கள். செவ்வாயின் இரவுப் பக்கத்தில் எடுத்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். பகலில் அயனமண்டலம் அலையைக் குழப்பி எதிரொலியை மங்கலாக்கும். தேடும் மேட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதை ஒன்றாவது, பக்கத்தில் உள்ள சமவெளியையும் தொட்டுப் போகும் பாதை ஒன்றாவது வேண்டும். காரணம் படி 7-இல் வரும்.

படி 6: பக்கவாட்டுப் பொய் எதிரொலி

"சேர், இந்தா இருக்கு ஐஸ்!" என்று ஒரு மாணவி திரையில் விரல் வைத்தாள். மேற்பரப்புக் கோட்டுக்குக் கீழே பளிச்சென்று இன்னொரு வளைந்த கோடு. அழகான கோடுதான். ஆனால் அதே இடத்தின் உயர வரைபடத்தைத் திறந்தபோது, பாதைக்குப் பக்கவாட்டில் ஒரு பழைய பள்ளத்தின் சுவர் நின்றது. விண்கலத்திலிருந்து அந்தச் சுவருக்குள்ள தூரம், நேர் கீழே உள்ள நிலத்துக்குள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. அதனால் அதன் எதிரொலி கொஞ்சம் பிந்தி வந்து, படத்தில் "நிலத்துக்கு அடியில்" உட்கார்ந்துகொண்டது. கோடு பள்ளத்தின் விளிம்பைப் போலவே வளைந்திருந்ததும் அதனால்தான்.

ராடார் கற்றை அகலமானது. பக்கத்தில் கிலோமீற்றர் கணக்கில் உள்ள மேடுகளும் பதில் சொல்லும். இதைப் பிரித்தெடுக்க நம்பகமான வழி, மேற்பரப்பு மட்டும் இருந்தால் எதிரொலி எப்படி வந்திருக்கும் என்று கணினியில் போலியாகச் செய்து பார்ப்பது. மோலா லேசர் உயரமானித் தரவைக் கொண்டு இந்தப் போலிப் படங்களை ஆய்வாளர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். உண்மைப் படத்தையும் போலிப் படத்தையும் அருகருகே வைத்து மாறி மாறிப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் கோடு மேற்பரப்பிலிருந்து வந்தது, அதை விடுங்கள். உண்மைப் படத்தில் மட்டும் இருப்பதைத்தான் தொடர வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க மனம் துடிக்கும். குதித்தால் மேலே செய்த எல்லாம் வீண்.

படி 7: நேரத்தை ஆழமாக்குங்கள்

அமெரிக்க ஷராட் குழுவின் ராடார்ப் படக் கோப்பில் நிலைக்குத்தாக 3600 வரிகள் இருக்கும். ஒரு வரி 37.5 நனோசெக்கன். காட்சிப் படத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் அதன் உயரமும் 3600 புள்ளிதானா என்று முதலில் பாருங்கள், சுருக்கிய படமாக இருந்தால் விகிதம் மாறும்.

மேற்பரப்புக் கோட்டின் வரியையும் அடிக்கோட்டின் வரியையும் எழுதிக் கழியுங்கள். உதாரணத்துக்கு வித்தியாசம் 40 வரி என்று வைப்போம். 40 × 37.5 = 1500 நனோசெக்கன், அதாவது 1.5 மைக்ரோசெக்கன். இது போய்வரும் நேரம். ஒளி ஒரு மைக்ரோசெக்கனில் 300 மீற்றர் போகும். போய்வருவதால் பாதி, 150 மீற்றர். ஆகவே வெற்றிடத்தில் 225 மீற்றர்.

ஆனால் அலை போனது வெற்றிடத்தில் அல்ல. ஒரு பொருளுக்குள் ராடார் அலையின் வேகம், ஒளிவேகத்தை அந்தப் பொருளின் மின்னுழைய மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். முறிவுச் சுட்டியின் அதே கதைதான், மீடிறன் மட்டும் வேறு. நீர் ஐஸுக்கு இந்த மாறிலி சுமார் 3.15. கெட்டியான எரிமலைப் பாறைக்கு 7 அல்லது அதற்கும் மேல். காபனீரொட்சைட்டு ஐஸுக்கு 2.1 அளவு. ஐஸ் என்றால் 225-ஐ 1.775-ஆல் வகுக்க 127 மீற்றர். பாறை என்றால் 225-ஐ 2.65-ஆல் வகுக்க 85 மீற்றர். ஒரே 40 வரி, இரண்டு விடை. எது சரி என்று ராடார் தானாகச் சொல்லாது.

அதனால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். தடிப்பை வேறு வழியில் கண்டுபிடித்து, மாறிலியைத் தெரியாத கணியமாக வைப்பது. சமவெளியைத் தொட்டுப் போகும் பாதை கேட்டது இதற்காகத்தான். அடிவார மேடு ஒன்று சமவெளியின் மேல் வழிந்து நிற்கிறது. அதற்கடியில் சமவெளி அப்படியே தட்டையாகத் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டால், மேட்டின் உயரமே தடிப்பு.

மோலா உயரத்தின்படி மேடு சமவெளியைவிட 340 மீற்றர் உயரம், ராடார் தாமதம் 4 மைக்ரோசெக்கன் என்று வையுங்கள். வெற்றிடக் கணக்கில் 600 மீற்றர். 600-ஐ 340-ஆல் வகுத்தால் 1.765. வர்க்கித்தால் 3.1. ஐஸின் எண்ணுக்குப் பக்கத்தில்.

சந்தோஷப்படுவதற்கு முன் வழுவைப் போட்டுப் பாருங்கள். அடியில் உள்ள தரை நீங்கள் நினைத்ததைவிட 30 மீற்றர் மேலே இருந்தால் தடிப்பு 310, மாறிலி 3.7. 30 மீற்றர் கீழே இருந்தால் தடிப்பு 370, மாறிலி 2.6. உயரத்தில் 9 சதவீதத் தவறு மாறிலியில் கிட்டத்தட்ட 20 சதவீதமாகிறது, வர்க்கிப்பதால் வரும் வினை. ஒரு இடத்தில் எடுத்த ஒற்றை எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நம்பக்கூடிய சோதனை இது. பாதை முழுவதும் பல இடங்களில் தாமதத்தை அளந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுங்கள். நேர அச்சில் பார்த்தால், மேடு தடிப்பாக உள்ள இடத்தில் அடிக்கோடு தொய்ந்து கீழே இறங்கியிருக்கும், ஏனெனில் அங்கே அலை மெதுவான பொருளுக்குள் அதிக தூரம் போயிருக்கிறது. இப்போது மாறிலிக்கு 2, 2.5, 3, 3.5, 4 என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து அடிக்கோட்டை மீற்றரில் வரையுங்கள். 2 கொடுத்தால் கோடு இன்னும் தொய்ந்திருக்கும். 5, 6 என்று போனால் மேலே முதுகு வளைக்கும். எந்த மதிப்பில் அது நிமிர்ந்து வெளியே உள்ள சமவெளியோடு ஒரே கோடாகச் சேர்கிறதோ அதுதான் விடை. 2008-இல் ஹெல்லாஸின் கிழக்கே உள்ள மேடுகளில் ஏறத்தாழ இப்படித்தான் செய்தார்கள். 3-க்குப் பக்கத்தில் வைத்தபோது கோடு நிமிர்ந்தது. கற்குவியல் என்று பலர் நினைத்திருந்தவை கல் போர்த்திய பனியாறுகள் என்று அதோடு தெளிந்தது. பிள்ளைகளோடு செய்வதென்றால் இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்.

படி 8: அந்த எண்ணை எதிர்த்து வாதாடுங்கள்

மாறிலி 3.1 வந்துவிட்டது. ஐஸ்தானா? காற்று நிறைந்த, நெருக்கமில்லாத எரிமலைத் தூசுக்கும் 3-க்குப் பக்கத்தில் வரலாம். மண்ணுக்கடியில் இருப்பது எப்போதும் பாறை, ஐஸ், வெற்றிடம் மூன்றும் கலந்த கலவை. ஒரு எண்ணை வைத்து மூன்று அளவுகளைத் தீர்க்க முடியாது என்பது ஒருங்கமை சமன்பாடு படித்த எவருக்கும் தெரியும். 2016-இல் உட்டோப்பியாவில் 80 முதல் 170 மீற்றர் தடிப்பான படையை அறிவித்தவர்கள் மாறிலி 2.8 என்று கண்டும், ஐஸின் பங்கை 50 முதல் 85 சதவீதம் என்று அகலமாகத்தான் எழுதினார்கள். அந்த அகலம் பலவீனமல்ல, நேர்மை.

வாதாட இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று இழப்பு: தூய ஐஸுக்குள் ராடார் அலை அவ்வளவாக மங்காது, பாறைத்தூளில் வேகமாக மங்கும். படை தடிக்கத் தடிக்க அடி எதிரொலி எவ்வளவு மங்குகிறது என்று பாருங்கள். மற்றது ஆழம்: தூசு தன் பாரத்தாலேயே அமுங்கும். பல நூறு மீற்றர் தடிப்பாக இருந்தும் அடியில் மாறிலி கூடவில்லை என்றால் வெறும் தூசு என்ற வாதம் நொண்டும்.

நடுக்கோட்டில் உள்ள மெடூசா ஃபோசே படிவு இதற்கு நல்ல பாடம். 2007-இல் மார்சிஸ் தந்த மாறிலி 2.9 அளவு. ஐஸா, தூசா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2024-இல் அதே கருவியின் கூடுதல் தரவோடு திரும்பிப் பார்த்தபோது படிவு 3.7 கிலோமீற்றர் வரை தடிப்பு என்று தெரிந்தது. அவ்வளவு தடிப்பான தூசு அமுங்கியிருக்க வேண்டும். அமுங்கிய அடையாளம் இல்லை. ஆகவே தடித்த தூசுப் போர்வைக்கடியில் ஐஸ் நிறைந்த படைகள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நம் அகலக்கோட்டில் தேடாதீர்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, இது அதற்கு விலக்கு. ஆனால் நூற்றுக்கணக்கான மீற்றர் கீழே.

அவசர முடிவுக்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. 2018-இல் தென்துருவ ஐஸுக்கு 1.5 கிலோமீற்றர் கீழே மார்சிஸ் ஒரு பிரகாசமான தெறிப்பைக் கண்டது, திரவ நீர் என்றார்கள். களிமண்ணாலும் வரலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஷராட்டின் அன்டனா விண்கலத்தின் பின்பக்கம் இருப்பதால் விண்கலத்தின் உடலே சமிக்ஞையை மறைக்கும். அதற்காக விண்கலத்தையே 120 பாகை சரித்துப் பறக்கவிட்டு அதே இடத்தைப் பார்த்தார்கள். 2025-இல் வெளியான முடிவில் கிடைத்தது பலவீனமான எதிரொலிதான், ஏரி என்றால் எதிர்பார்க்கும் பிரகாசம் இல்லை.

படி 9: சாட்சிகளை ஒரே அட்டவணையில் வையுங்கள்

நாசாவின் ஸ்விம் திட்டம் 2017-இலிருந்து இதைத்தான் செய்கிறது. நியூத்திரன், வெப்பம், நிலவடிவம், ராடாரின் மேற்பரப்புத் தெறிப்பு, ராடாரின் உள்தெறிப்பு ஆகிய ஐந்து சாட்சிகளுக்கும் -1 முதல் +1 வரை புள்ளி கொடுக்கிறார்கள். +1 என்றால் ஐஸோடு நன்றாகப் பொருந்துகிறது, -1 என்றால் ஐஸ் இல்லை என்பதோடு பொருந்துகிறது, 0 என்றால் சாட்சி வாய் திறக்கவில்லை. பிறகு சேர்த்து வரைபடம் போடுகிறார்கள். 2023-இல் வந்த நான்காவது வெளியீட்டில் புதுப் பள்ளங்களில் தெரிந்த ஐஸையும் சேர்த்தார்கள். வரைபடங்கள் இலவசம்.

உங்கள் இடத்துக்கும் அதேபோல் ஐந்து நிரல் போடுங்கள். அவர்களது வரைபடத்தை முன்கூட்டியே திறக்க வேண்டாம். நீங்கள் புள்ளி போட்ட பிறகு ஒப்பிடுங்கள். 0 போடக் கூச்சப்படாதீர்கள். அடி எதிரொலி இல்லை என்பதற்காக ராடாருக்கு -1 போடுவதும் தவறு. ஐஸ் மெல்ல மெல்ல மண்ணோடு கலந்து முடிந்தால் தெறிக்க எல்லையே இருக்காது, ஐஸ் இருந்தும் படம் வெறுமையாக வரும்.

ஆழத்துக்கு ஆறாவது நிரல் ஒன்றும் வேண்டும். நியூத்திரனும் வெப்பமும் முதல் ஒரு மீற்றரோடு நின்றுவிடும். ஷராட்டின் அடி எதிரொலியோ, மேற்பரப்பு எதிரொலியின் பளபளப்பில் மறையாமல் தெரிய, 15 - 20 மீற்றராவது கீழே இருக்க வேண்டும். இடையில் உள்ள துண்டை ஒழுக்கிலிருந்து நன்றாகப் பார்க்கும் கருவி இன்றுவரை செவ்வாயில் இல்லை. மேற்பரப்புத் தெறிப்பின் பலம் முதல் ஐந்து மீற்றர் அளவுக்கு ஒரு மறைமுகக் குறிப்புத் தரும், புதுப் பள்ளங்களும் சரிவு வெட்டுமுகங்களும் அங்கங்கே காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். மனிதர் போய் இறங்கினால் துளைபோட்டு எடுக்கக்கூடிய ஐஸ் அந்தத் துண்டில் இருப்பதுதான் எரிச்சல்.

தரையில் தோண்டிச் சரிபார்த்தது 2008-இல். மே 25 அன்று 68 பாகை வடக்கில் இறங்கிய ஃபீனிக்ஸ் தரையிறங்கி, சில சென்ரிமீற்றர் சுரண்டியதுமே வெள்ளையைக் கண்டது. தோண்டிய குழியில் கிடந்த சின்னக் கட்டிகள் நான்கு செவ்வாய் நாட்களில் காணாமல் போயின. உப்பாக இருந்தால் அப்படியே கிடந்திருக்கும். நியூத்திரன் வரைபடம் அங்கே சொன்னது சரியாக இருந்தது. நடு அகலக்கோட்டின் பனியாறுகளில் இன்னும் யாரும் துளை போடவில்லை. ஆகவே உங்கள் அறிக்கையில் "ஐஸ் உள்ளது" என்று எழுதாதீர்கள். "ஐந்தில் இத்தனை சாட்சிகள் ஐஸோடு பொருந்துகின்றன, மாறிலி இந்த எல்லைக்குள், ஆழம் இந்த எல்லைக்குள், இந்தக் காரணங்களால் உலர்ந்த தூசு பொருந்தவில்லை" என்று எழுதுங்கள். அதோடு பாதை எண்களையும் அளந்த வரிகளையும் இணையுங்கள், இன்னொரு பாடசாலைப் பிள்ளை அதே கோப்பைத் திறந்து உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.